கிழிக்காமல் விட்ட சீட்டு

என் மகன் என் மருமகளின் வலது கையை உடைத்தபோது நான் நாலு எட்டுத் தூரத்தில், இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செவ்வாய்க்கிழமை காலை. அவள் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த ஊரிலோ இருக்கிற நாலு பேருடன் பேசிக்கொண்டிருந்தாள். அவன் சட்டையை இஸ்திரி போட்டுத் தரச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டான். மூன்றாம் தரம் பக்கத்தில் வந்து நின்றான். அவள் திரும்பாமல், ஒரு நிமிஷம் என்கிற மாதிரி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்கு வெரல் காட்றியாடி?"

அந்தக் கையைப் பிடித்தான். மேஜை விளிம்பில் வைத்து முறுக்கினான். சாம்பாருக்கு முருங்கைக்காயை ஒடிப்போமே, அந்தச் சத்தம் வந்தது. அப்புறம்தான் அவள் கத்தினாள். கம்ப்யூட்டருக்குள் யாரோ இங்கிலீஷில் என்னவோ கேட்டார்கள். அவன் மூடியை அடித்துச் சாத்தினான். நான் இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். விரல் நுனியெல்லாம் வெந்திருந்தது சாயங்காலம்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை எக்ஸ்ரேவுக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். டாக்டர் என்னைப் பார்த்து எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் வெளி ஆண்களிடம் நிமிர்ந்து பேசினவள் இல்லை. கடையில்கூட வேண்டியதை விரலால் காட்டி வாங்குகிற ஆள். அன்றைக்கு மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா சார்."

அவர் அதை அப்படியே எழுதினார். சொன்னது மாமியார் என்றும் எழுதினார். என் மகன் பக்கத்தில் நின்று அந்தச் சீட்டை வாங்கி, மடித்து, பர்ஸில் வைத்துக்கொண்டான். மற்ற மருந்துச் சீட்டுகளை என்னிடம் கொடுத்தான். அது ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் மருமகள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். விவேக் நகர் கோயில் திருப்பத்தில் சொன்னாள்: "நீங்க சொன்னதை டாக்டர் எழுதிட்டாரு அத்தை."

"தெரியும்மா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு வேறு வழி இல்லாமல் போனது எனக்குத் தெரியும். அவள் எங்கே போய்ச் சொன்னாலும், வழுக்கி விழுந்தாள் என்று காட்ட ஒரு காகிதம் இருந்தது. அதில் இருந்தது என் வாய்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இந்தக் கன்னட ஊருக்கு வந்து இரண்டு வருஷம். என் மகன் வண்டி ஷோரூமில் சேல்ஸ் வேலை பார்க்கிறான், அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். அது என்ன வேலை என்று அவன் கேட்டதில்லை. நான் கேட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள் சொன்ன விதத்தில் புரிந்தது. கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது அதுதான். வெளி ஆள் எழுதின சின்ன ப்ரோக்ராம் அதற்குள் போய் ஓட வேண்டுமென்றால் வாசலில் வெரிஃபையர் என்று ஒரு காவல் நிற்கிறது. அது ப்ரோக்ராமை ஓட்டிப் பார்க்காது. எழுதியிருப்பதைப் படித்தே, எத்தனை வழி பிரிகிறதோ அத்தனை வழியிலும் நடந்து பார்க்கும். ஏதோ ஒரு வழியில் தொடக்கூடாத இடத்தைத் தொடும் என்றாலும் உள்ளே விடாது.

"தொண்ணூத்தொம்போது வழி நல்லாருந்தா?" என்று கேட்டேன்.

"மீதி ஒண்ணுல கொலை விழுமே அத்தை."

நான் என் மகனை எப்போதும் அந்தத் தொண்ணூற்றொன்பது வழியிலேயே பார்த்து வந்தவள். வாரத்தில் ஆறு நாள் சிரிப்பான். எனக்கு மாத்திரை வாங்கி வருவான். ஞாயிறு சர்ச் பூசைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவான். அவனுடைய அப்பாவும் அப்படித்தான். அவர் என்னைச் சைக்கிள் செயினால் அடித்த மறுநாள் சிவாஜிநகரிலிருந்து ஈரல் வாங்கி வந்து தானே வறுத்துக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

அவள் வேலை செய்கிற விதம் வேடிக்கையாக இருக்கும். திரையில் பார்த்தால் கண் தான் நினைத்ததையே பார்க்குமாம். அதனால் கஷ்டமான இடம் வந்தால் மேஜை மேல் பத்து டம்ளரை வரிசையாக வைப்பாள். அலமாரியிலிருந்து எவர்சில்வர் டப்பாக்களை இறக்கச் சொல்வாள். டம்ளர்தான் ரெஜிஸ்டர், கம்ப்யூட்டர் கணக்குப் போடும்போது எண்ணைக் கையில் வைத்துக்கொள்கிற இடம்; டப்பா ஸ்டாக், எண்ணை ஒதுக்கி எடுத்துவைக்கிற இடம். ஒவ்வொரு டப்பாவிலும் எட்டு மொச்சைக்கொட்டை, அதாவது எட்டு இடம். அவள் வரிவரியாகப் படிப்பாள், நான் எடுத்து வைப்பேன். விஷயம் தெரிந்தவர்கள் அவசரப்பட்டு அடுத்ததைச் செய்துவிடுவார்களாம். நான் சொன்னதை மட்டும் செய்வேனாம்.

"டம்ளர் பத்துதான் அத்தை, அதுக்கு மேல கெடையாது. ஒரு ஃபங்ஷனை, அதாவது வேற ஒரு சின்ன ப்ரோக்ராமை உதவிக்குக் கூப்பிட்டா ஒண்ணுலர்ந்து அஞ்சு வரைக்கும் இருக்கறது நாசம். அதனால வேணுங்கறதை முன்னாடியே டப்பால போட்டு வச்சிடணும், அப்புறம் எடுத்துக்கலாம்."

"டப்பால பத்திரமா இருக்குமா?"

"சரக்கு இருக்கும். சரக்கைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது கூடவே இருக்குதாங்கறதைப் பாக்கறதுதான் என் வேலை."

டம்ளருக்குள் என்ன எண் இருக்கிறது என்று வெரிஃபையருக்குத் தெரியாது. ஓடும்போதுதான் எண் வரும். அதற்குத் தெரிவதெல்லாம் அந்த எண் எதற்குக் குறையாது, எதைத் தாண்டாது என்பதுதான். அதை ஒரு சீட்டில் எழுதி டம்ளரில் ஒட்டுவோம். பூஜ்யத்துக்குக் கீழே இல்லை, முப்பத்தொன்றுக்கு மேலே இல்லை, இப்படி. டப்பாவுக்குப் போகும்போது சீட்டும் மூடிக்குப் போக வேண்டும். திரும்ப டம்ளருக்கு வந்தால் சீட்டும் வர வேண்டும். வழியில் சீட்டு தொலைந்தால் வெரிஃபையர் நல்ல ப்ரோக்ராமையும் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அது தொந்தரவு, ஆனால் ஆபத்து இல்லை.

இப்படி நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெளியே யாருடனோ நின்று பேசிவிட்டு, அவன் வந்தான். மூஞ்சியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு பைத்தியமும் சொப்பு வச்சி வெளையாடுதுங்களா? சோறு எங்க?"

"பிரியாணி தம்ல கீதுப்பா" என்றேன்.

"உன்னைக் கேக்கல. சம்பளம் வாங்கற மகாராணியக் கேக்கறேன். டப்பாவுல கொட்டை பொறுக்கறதுக்கு உங்க ஆபீஸ்ல பணம் தர்றானா? இல்ல வேற எதுக்காவது தர்றானா?"

அவள் "வாயை அளந்து பேசு" என்றாள். ஒரு டப்பா பறந்து அவள் புருவத்தில் பட்டது. இரண்டாவது டப்பாவில் நிஜமாகவே மிளகாய்த்தூள் இருந்தது, அது அவள் முகத்தில் கொட்டியது. கண்ணைத் திறக்க முடியாமல் தரையில் தவழ்ந்தாள். அவன் அவள் முடியைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனான். கழுவிவிடத்தான் இழுக்கிறான் என்று நான் நினைத்தேன். தலையைத் தொட்டிக்குள் அமுக்கினான். நான் அவன் முதுகில் இரண்டு கையாலும் குத்தினேன். ஈ உட்கார்ந்த மாதிரிகூட அவனுக்கு இல்லை. அவனாக விட்டபோதுதான் அவள் மூச்சு விட்டாள். மொச்சை வீடு முழுக்க உருண்டு கிடந்தது. மாலையில் அவன் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான், மூன்று கிண்ணம்.

அதற்கு அடுத்த மாதம்தான் கை உடைந்தது. அன்றைக்கு அந்த வெளியூர்க்காரர்களிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது, வெரிஃபையரில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறேன் என்பதைத்தான். விவரம் தெரிந்த யாராவது அதைப் பிடித்துக்கொண்டால் கெர்னலுக்குள் நுழைந்துவிடலாமாம். அதை அடைக்க வேண்டிய பொறுப்பும் அவளுடையது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு மூன்றாம் நாள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். இடது கையின் ஒரு விரலால் தட்டினாள். டம்ளர், டப்பா எல்லாம் என் கை.

ஒரு மத்தியானம், அவன் ஷோரூமில் இருக்கும் நேரம், அவள் படிக்கப் படிக்க நான் வைத்தேன். "மூணாவது டப்பால பாதியை மட்டும் மாத்துங்க அத்தை, நாலு இடம்." நான் நாலு மொச்சையை எடுத்துவிட்டு நாலு கொண்டைக்கடலையைப் போட்டு, மூடியை அழுத்தி மூடினேன். "இப்ப அதை எட்டாவது டம்ளருக்கு எடுங்க." எடுத்தேன். மூடியிலிருந்த சீட்டையும் எடுத்து டம்ளரில் ஒட்டினேன்.

அவள் என்னையே பார்த்தாள். "சீட்டுல இன்னா எழுதியிருக்கு?"

"முப்பத்தொண்ணைத் தாண்டாதுன்னு."

"உள்ள இருக்கறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் எந்த டப்பாவிலும் பேரும் சரக்கும் ஒன்றாக இருந்ததே இல்லை. பூஸ்ட் பாட்டிலில் புளி, ரவை என்று எழுதினதில் துவரம்பருப்பு. கை பழகிவிட்டால் லேபிளை யார் கிழிக்கிறார்கள்?

அவள் சிரித்தாள், கை வலிக்க வலிக்கச் சிரித்தாள். "நீங்க பண்ணதையேதான் வெரிஃபையருக்குள்ள எழுதியிருக்கற ப்ரோக்ராமும் பண்ணுது அத்தை. எழுதினவரு பெரிய படிப்பு படிச்சவரு. பாதி சரக்கு மாறிடுச்சி, பழைய சீட்டு அப்படியே நிக்குது. வெரிஃபையர் சீட்டை நம்பி உள்ள விட்டுடும். ஓடும்போது முப்பத்தொண்ணு இல்ல, மூணு கோடி வரும். நேரா அடுத்தவன் வூட்டுக்குள்ள போய் நிக்கும்."

"வெரிஃபையர் பொய் சொல்லுதா?"

"அது பொய் சொல்லல. அதுக்குச் சொன்ன சீட்டு பொய்."

"அப்ப வேற சீட்டு எழுதி ஒட்டணுமா?"

"தெரிஞ்சா எழுதலாம். தெரியலன்னா பழசைக் கிழிச்சிட்டு, தெரியாதுன்னு வைக்கணும். அது போதும்."

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. வேலையைத்தான் சொன்னாள். நான்தான் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்தத் திருத்தத்தை அவள் அனுப்பினாள். இரண்டு தரம் குறை சொல்லித் திருப்பினார்கள், மூன்றாம் தரம் எடுத்துக்கொண்டார்கள். காக்ஸ் டவுனில் கூட வேலை செய்கிற ஒரு பெண்ணின் வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்று ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள். "போறதுன்னா கம்ப்ளைன்ட் குடுத்துட்டுதான் போவணும் அத்தை. இல்லன்னா அங்கயும் வந்து அடிப்பான். ஆனா கம்ப்ளைன்ட் குடுத்தா அந்தச் சீட்டைக் காட்டுவான்." நான் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

மாவுக்கட்டுப் பிரிப்பதற்கு இரண்டு நாள் முன்னால், காலை பத்து மணி. அவனுக்கு வார லீவு. அறையைப் பற்றி அவள் போனில் பேசியதை எப்படியோ கேட்டுவிட்டான். கத்தவில்லை, அதுதான் பயம். பர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து விரித்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"படி. இன்னா எழுதியிருக்கு? நீ வழுக்கி வுழற ஆளு. ஆஸ்பத்திரியே சொல்லுது. இன்னொரு தபா வுழு."

பின்னந்தலையைப் பிடித்து வாசல் நிலையில் மோதினான். ஒரு தரம். நிலையில் ரத்தம் பூ மாதிரியெல்லாம் இல்லை, வெற்றிலை எச்சில் மாதிரி வழிந்தது. இரண்டாம் தரம் மோதினான். அவள் மாவுக்கட்டுக் கையை முகத்துக்குக் குறுக்கே வைத்தாள், அதோடு சேர்த்து மோதினான். பிறகு அவளைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பி, சின்ன வயசில் மிட்டாய் கேட்பது போல் சிரித்தான்.

"மம்மி சொல்லிடுவாங்க. போன தபா சொன்னாங்கல்ல? இல்ல மம்மி?"

சப்பாத்திக் கட்டை என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. அவன் முழங்கையில் அடித்தேன். அவன் கை தளர்ந்தது. என்னைப் பார்த்தான், நான் அடிப்பேன் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. இன்னொன்று காதோரம் கொடுத்தேன். வயசான கை, ஆனாலும் நாற்பது வருஷம் மாவு தேய்த்த கை. அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்த நேரத்தில் அவளை இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். செருப்பு இல்லை. ஆட்டோக்காரன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியா என்றான். "போலீஸ் ஸ்டேஷன்" என்றேன்.

ஸ்டேஷனில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் இருந்தார். மருமகளை பெஞ்சில் உட்காரவைத்துத் தலையில் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். வாக்குமூலம் எழுதத் தொடங்குவதற்குள், எங்கே போயிருப்போம் என்று ஊகித்து, அவன் பைக்கில் வந்துவிட்டான். தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். மரியாதையாக வணக்கம் சொல்லி, சீட்டை மேஜை மேல் வைத்தான்.

"குடும்பத்துல சின்னத் தகராறு மேடம். இவ அடிக்கடி தலை சுத்தி வுழுவா. கையும் அப்படித்தான். எங்க மதரே டாக்டர்கிட்ட சொல்லியிருக்காங்க பாருங்க."

இன்ஸ்பெக்டர் படித்தார். மருமகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹேளம்மா" என்றார், சொல்லம்மா என்று. "பாத்ரூமல்லி பித்ரா, இல்ல ஹொடெத்ரா?" விழுந்தாளா, அடித்தார்களா. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குக் கன்னடம் புரியாமல் இல்லை. ஆனால் அங்கே ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். மருமகள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதையும் எதிர்பார்க்காதவள் மாதிரி.

"அது பொய்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அந்தச் சீட்டுல இருக்கறது பொய். நான் சொன்ன பொய்."

அவன் ஒரே எட்டில் வந்து என் வாயைப் பொத்தினான். பொத்தியது மட்டும் இல்லை, தாடையைப் பிடித்து நெரித்தான். பல்செட் உடைந்து ஈறில் குத்தியது. "பைத்தியம் மேடம், வயசாயிடுச்சி" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினான். ஒரு பெண் போலீஸ் லத்தியால் அவன் தோளில் போட்டாள். இரண்டு பேர் அவன் கையைப் பின்னால் மடக்கினார்கள். அவன் "மா" என்று கத்தியபோது என் உடம்பு அவன் பக்கம் தானாகப் போனது. பெத்த உடம்பு, அதை என்ன சொல்ல. பெஞ்சின் முனையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

உடைந்த பல்லைக் கையில் துப்பினேன். இன்ஸ்பெக்டர் தண்ணீர் கொடுத்தார்.

"பழைய பேப்பரை அழிக்க முடியாதும்மா" என்று அரைத் தமிழில் சொன்னார். "இன்னொரு பேப்பர் எழுதலாம். அப்ப நீங்க பொய் சொன்னீங்கன்னும் எழுதணும். கோர்ட்ல உங்களையும் கேப்பாங்க."

"எழுதுங்க" என்றேன்.

நான் சொல்ல, ஒருவர் எழுதினார். பிறகு படித்துக் காட்டினார். மகன் தள்ளிவிட்டதில் கை முறிந்தது என்று எழுதியிருந்தார். இல்லை என்றேன். தள்ளவில்லை, அவள் விழவும் இல்லை. மேஜை விளிம்பில் வைத்து முறுக்கி உடைத்தான். அடித்துத் திருத்தி எழுதினார். மிளகாய்த்தூள், குழாயடித் தொட்டி, இன்றைய நிலைக்கதவு, ஒவ்வொன்றையும் அவன் எந்தக் கையால் செய்தான் என்பது வரைக்கும் சொன்னேன். அவளுக்குச் சூடு வைத்தது உண்டா, கழுத்தை நெரித்தது உண்டா என்று கேட்டார். எனக்குக் கோபம் இருந்தது, உண்டு என்று சொல்லியிருப்பேன்.

"தெரியாது" என்றேன். "நான் பாக்கல. கதவைச் சாத்திக்கினு உள்ள நடந்தது எனக்குத் தெரியாது. அவளைக் கேளுங்க."

பெஞ்சிலிருந்து மருமகள் தலையைத் தூக்கினாள். பஞ்சு முழுக்கச் சிவந்திருந்தது. "இருக்கு மேடம்" என்றாள். "நானே சொல்றேன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். அவனை உள் அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழுகிற சத்தம் கேட்டது, எண்ணெய் தடவின கட்டையால் ஈரத் துணியை அடிப்பது போல. ஒவ்வொரு அடிக்கும் அவன் மம்மி என்றான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை இன்ஸ்பெக்டர் விரலால் காட்டினார். நான் பேனாவை வாங்கி, தமிழில், எழுத்தெழுத்தாகப் போட்டேன். காகிதத்தில் வாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு மீதி எழுத்தையும் எழுதினேன்.